தரவு தந்த கரை, இனி கேள்வி கேட்கட்டும்

சென்னை சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைத் தாண்டிக் கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல் வந்துவிடும். அந்தக் கரையை ஒட்டித்தான் நொச்சிக்குப்பம், டுமிங் குப்பம், முள்ளிமா நகர், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் என்று மீனவர் குடியிருப்புகள் வரிசையாக இருக்கின்றன. சாந்தோமிலேயே காது கேளாத பிள்ளைகளுக்கான சி.எஸ்.ஐ. மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. வடக்கே கடற்கரைச் சாலையில் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி, அதற்கும் வடக்கே மாநிலக் கல்லூரி. தெற்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் ஐ.ஐ.டி. மெட்ராஸ். அதை அடுத்துத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். நாட்டின் முதல்தரக் கணினி ஆய்வு நடக்கும் இடங்களும், அந்த ஆய்வின் வாசலைக் கூடப் பார்க்காத குடும்பங்களும் ஒரே பஸ் பயணத் தொலைவில் இருக்கின்றன.

இந்தக் குடும்பங்களுக்கும் கணினி ஆய்வுக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்தால் அது தவறு. நெருங்கிய தொடர்பு உண்டு. இந்த ஊரின் வாசல் கோலம், காது கேளாத மாணவர்களின் கையசைவு, சாதாரண மக்களின் பேச்சு, மீனவர்களின் கடலறிவு எல்லாம் ஆய்வாளர்களுக்குப் பொருளாகியிருக்கின்றன. பொருளைக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஆய்வாளர்களாக ஆனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

அடையாறில் பதிவான கைகள்

இந்தியச் சைகை மொழியைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும் என்றால், முதலில் அதற்கு ஆயிரக்கணக்கான சைகைகளைக் காட்டிப் பழக்க வேண்டும். 2020இல் ஐ.ஐ.டி. மெட்ராஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘இன்க்ளூட்’ என்ற பெயரில் அப்படி ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். 15 வகைகளில் 263 சொற்களுக்கான சைகைகள், மொத்தம் 4,287 வீடியோக்கள். அந்த வீடியோக்களில் சைகை செய்து காட்டியவர்கள் அடையாறு செயின்ட் லூயிஸ் பள்ளியின் காது கேளாத மாணவர்கள்.

நல்ல பணி அது. பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் அது அடித்தளமானது. தொகுப்பை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று திறந்தும் வைத்தார்கள். அந்த ஆய்வாளர்கள் மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அங்கிருந்து அடுத்த படி எது என்று யோசித்துப் பாருங்கள். சைகையில் முகபாவத்துக்கு என்ன இடம், ஒரே சொல்லுக்குச் சென்னையில் ஒரு சைகையும் திருநெல்வேலியில் வேறொன்றும் இருந்தால் எதைச் சேர்ப்பது, மருத்துவமனையிலும் ரேஷன் கடையிலும் காது கேளாதவருக்கு முதலில் தேவைப்படும் சொற்கள் எவை? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லக்கூடியவர்கள் கேமராவுக்கு முன்னால் நின்ற மாணவர்கள்தான். கேமராவுக்குப் பின்னால், நிரல் எழுதும் மேசையில், கட்டுரையின் முதல் பத்தியை எழுதும் இடத்தில் அவர்களில் ஒருவர் இருந்தால் அந்த ஆய்வின் திசையே மாறும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. புனேயில் பிறந்த தமிழர் டி.வி.ராமன் 14 வயதில் பார்வையை முழுதும் இழந்தவர். ஐ.ஐ.டி. பம்பாயில் படித்து அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்யப் போனார். பார்வையுள்ள ஆய்வாளர்களுக்குத் தோன்றாத கேள்வி ஒன்று அவருக்கு அன்றாடப் பிரச்சினையாக இருந்தது. பாதிப் பக்கத்துக்கு நீளும் கணிதச் சமன்பாட்டை எப்படிக் காதால் படிப்பது? எழுத்து எழுத்தாக வாசித்தால் அடைப்புக்குறி எங்கே திறந்தது, எங்கே மூடியது என்று கேட்பவருக்கு நினைவிருக்காது. குரலின் ஏற்ற இறக்கத்தாலும் ஒலியின் இடத்தாலும் சமன்பாட்டின் அமைப்பையே காதுக்குக் காட்டும் முறையை உருவாக்கினார். அதற்கு ஆஸ்டர் என்று பெயர் வைத்தார். அது அவரது வழிகாட்டி நாயின் பெயர். 1994இல் அவர் முடித்த அந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு, உலகக் கணினி அறிஞர்களின் சங்கமான ஏ.சி.எம். சிறந்த ஆய்வேட்டுக்கான விருதைக் கொடுத்தது. பிறகு கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார்.

தாம்பரத்தில் பிறந்த கோல இலக்கணம்

சென்னையில் கணினி அறிவியல் ஆய்வு எங்கே வேர்விட்டது என்று கேட்டால் பலரும் ஐ.ஐ.டி. என்றுதான் சொல்வார்கள். கோட்பாட்டுக் கணினி அறிவியல் என்னும் துறையைப் பொறுத்தவரை, தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கு அதில் மறுக்க முடியாத பங்கு உண்டு. ஒரு கலை அறிவியல் கல்லூரி. அதுவும் ஒரு பெண்ணின் தலைமையில்.

ராணி சிரோமணி 1929இல் பிறந்தவர். கணிதம் படித்து, மொழிகளின் இலக்கணத்தைக் கணித விதிகளாகப் பார்க்கும் துறைக்குள் வந்தவர். அவருடைய கணவர் கிஃப்ட் சிரோமணி அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினியால் அடையாளம் காணும் ஆய்வை 1978லேயே வெளியிட்ட குழுவில் இருந்தவர். இந்த இருவரோடு, ராணியின் மாணவியான கமலா கிருத்திவாசன். மூவரும் சேர்ந்து 1972இல் படமொழிகள் பற்றியும், 1974இல் கோலத்தின் இலக்கணம் பற்றியும் எழுதிய கட்டுரைகள் அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்தன. ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு ஐ.பி.எம். 370 பெருங்கணினி வந்ததே 1973இல்தான் என்பதை நினைவில் வையுங்கள். காகிதம், பென்சில், தெருவில் பார்த்த கோலம், இவற்றை வைத்து உலகத்தரமான கணினி ஆய்வு இந்த ஊரில் நடந்தது.

அவர்கள் கண்டது என்ன? நோம் சாம்ஸ்கி 1950களில் வகுத்த இலக்கண முறையில், சில விதிகளை வைத்துக்கொண்டு எண்ணற்ற சொற்றொடர்களை உண்டாக்கலாம். ஆனால் சொற்றொடர் ஒரே வரியாக நீளுவது. கோலம் நான்கு பக்கமும் பரவுவது. ஐந்து புள்ளியில் ஒரு கோலம் தெரிந்த பெண், அதே கோலத்தை ஒன்பது புள்ளியிலும் பதினைந்து புள்ளியிலும் போடுவார். யாரும் பதினைந்து புள்ளிக் கோலத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் அவர் மனத்தில் இருப்பது படம் அல்ல, விதி. அந்த விதியை எழுத இரு பரிமாண இலக்கணம் வேண்டும். அதை வகுத்ததுதான் சென்னைக் குழுவின் பங்களிப்பு. செடி கொடிகள் வளரும் முறையை எழுத்து விதிகளால் விளக்க 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் தந்த முறையோடும் கோலத்துக்கு உறவு இருப்பது பிறகு தெரியவந்தது. இன்று படமொழிகள் பற்றி உலகில் எங்கே ஆய்வு நடந்தாலும் சிரோமணி என்ற பெயர் மேற்கோளில் வரும்.

கமலா கிருத்திவாசன் 1975இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆசிரியராகச் சேர்ந்து, 1992 முதல் 1995 வரை கணினி அறிவியல் துறையின் தலைவராக இருந்தார். ராணி சிரோமணி ஓய்வுக்குப் பிறகும் சென்னைக் கணிதக் கழகத்தில் மாணவர்களுக்கு வழிகாட்டினார். 2019 செப்டம்பரில் மறைந்தார். அந்தக் கழகமும் 1989இல் சி.எஸ்.சேஷாத்ரியின் முயற்சியில் தி.நகரில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த அந்தப் பேட்டையிலிருந்துதான் அது வளர்ந்து சிறுசேரிக்குப் போனது.

இந்த வரலாற்றை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆய்வு என்றாலே கோடிக்கணக்கில் செலவு, விலையுயர்ந்த கணினி, அமெரிக்கப் படிப்பு என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அரசுக் கல்லூரி மாணவருக்கு அதெல்லாம் எங்கே என்று ஆசிரியர்களே சொல்லிவிடுகிறார்கள். சென்னையின் சொந்த வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கு இடையே சாய்வாக ஓடி, ஓரம் வந்தால் மட்டும் வளைந்து திரும்புகிற சிக்குக் கோலத்தைப் போடுங்கள். கையெடுக்காமல் ஒரே இழையில் முடிந்துவிடும். மூன்றுக்கு ஆறு என்று வைத்தால் தனித்தனியாக மூன்று இழை வேண்டியிருக்கும். நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. ஐந்துக்கு ஐந்து என்றால் ஐந்து. ஏன்? இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழை. ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் வருகிற அதே காரணிதான். குப்பத்து வீட்டு வாசலில் கோலம் போடும் எந்தப் பிள்ளையும் பத்துப் பதினைந்து கோலம் போட்டுப் பார்த்து இந்த விதியைத் தானே கண்டுபிடிக்க முடியும். ஏன் அப்படி என்று நிறுவவும் கற்றுக்கொள்ள முடியும். பிறகு நடுவில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், அங்கே பாடப்புத்தகம் முடிந்து ஆய்வு தொடங்கிவிடுகிறது.

ஆப்பிரிக்காவில் இதை ஒருவர் செய்து காட்டினார். அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் சோனா படங்கள் நம் சிக்குக் கோலத்தின் நெருங்கிய உறவினர் போல இருக்கும். மொசாம்பிக்கில் கணிதம் கற்பித்த பாவுலஸ் கெர்டெஸ், காலனி ஆட்சியில் கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளைக் கணித ஆய்வுக்குக் கொண்டுவர அந்தப் படங்களையே வாசலாக வைத்தார். உன் முன்னோர் வரைந்ததில் கணிதம் இருக்கிறது என்று தொடங்கி, ஆய்விதழ்க் கட்டுரை வரை கூட்டிக்கொண்டு போனார்.

விலைக்குக் கிடைக்கும் ‘ஆய்வு’

நம் மாணவர்களுக்கு ஆய்வு எப்படி அறிமுகமாகிறது? பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணினி அறிவியல், பி.இ. எது படித்தாலும் கடைசி ஆண்டில் ப்ராஜெக்ட் என்று ஒன்று உண்டு. தி.நகர், அசோக் நகர், வடபழனி பக்கம் போனால் மாடிப்படி ஓரங்களில் ‘ஐ-ட்ரிபிள்-ஈ ப்ராஜெக்ட்’ என்ற பலகைகளைப் பார்க்கலாம். தலைப்பு, பேஸ் பேப்பர், ஓடுகிற நிரல், பைண்டிங் செய்த அறிக்கை, வைவாவில் என்ன கேட்பார்கள் என்ற பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு விலை. வீட்டில் நகையை வைத்துப் பணம் புரட்டி அதை வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதற்கு மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. நூறு பேருக்கு நாலைந்து ஆசிரியர்கள் வழிகாட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஆசிரியர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பதே அவர்களுக்கு உறுதியில்லை. ஒரு ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது, அதில் எது புதியது, எது சந்தேகத்துக்குரியது என்று யாரும் அந்த மாணவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியதில்லை. அவர் அறிந்த வரையில் ‘பேப்பர்’ என்பது கடையில் கிடைக்கும் ஒரு பொருள். கேள்வி கேட்பது ஒரு தொழில் என்றும், அந்தத் தொழிலுக்குச் சம்பளம் உண்டு என்றும் அவருக்குத் தெரியாது.

சம்பளம் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். முதல் பட்டதாரிச் சான்றிதழோடு கல்லூரிக்கு வந்த பிள்ளையிடம், “எப்பம்மா வேலைக்குப் போவே?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இன்னும் ஐந்து வருடம் படிக்கப் போகிறேன் என்றால், இன்னும் ஐந்து வருடம் செலவு என்றுதான் அந்தத் தாய்க்குக் கேட்கும். நெட் தேர்வில் தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பல ஐ.டி. நிறுவனங்களின் தொடக்கச் சம்பளத்துக்கு அது குறைந்ததில்லை. முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடி, கிறித்துவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வைத்திருக்கிறது. இந்த எண்கள் கல்லூரி நுழைவாயிலில், பிளேஸ்மென்ட் சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டியவை.

பணம் வந்தால் ஒரு மனிதருக்கு என்ன ஆகும் என்பதற்கும் இந்தக் கடற்கரைச் சாலையிலேயே சாட்சி இருக்கிறது. துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதிய ராமானுஜனுக்கு, 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அவரிடம் பட்டம் இல்லை. எஃப்.ஏ. தேர்வில்கூடத் தேறாதவர். விதியைத் தாண்டி ஒரு பல்கலைக்கழகம் முடிவெடுத்ததால்தான் அவர் கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு முழுநேரமும் கணிதம் செய்ய முடிந்தது. அவருடைய மேதைமையைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். அந்த 75 ரூபாயைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

கடலுக்குள் ஒரு ஆய்வுக்கூடம்

2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர், தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசினார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் வைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே எச்சரித்தார்கள். சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள். அலை உயரமும் காற்றும் சொல்வதற்காகக் கணினியோடு வைத்த மையம், ஊர்க்காரர்களே நடத்திய மையம், அன்று ஊரையே காப்பாற்றியது. தரமணியில் இருக்கும் அதே நிறுவனம் பிறகு ‘மீனவர் நண்பன்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையத்தின் கணிப்புகள் அதன் வழியே மீனவரின் கைப்பேசிக்கு வருகின்றன.

தகவல் மேலிருந்து கரைக்கு வருகிறது. கரையிலிருந்து மேலே போக வேண்டியதும் நிறைய இருக்கிறது. தெற்கிலிருந்து ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சென்னை மீனவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தக் காற்றோடு எந்த நீரோட்டம் சேர்ந்தால் எந்த மீன் கரைக்கு வரும், எப்போது வலை கிழியும் என்பதெல்லாம் அவர்களிடம் அத்துப்படி. பெசன்ட் நகர் ஊரூர்க் குப்பத்தின் பாளையம் இந்த அறிவை முறையாகச் சொல்லிப் பதிவுசெய்தவர். அதே குப்பத்தின் மீனவர் கே.சரவணன் ஒரு படி மேலே போனார். ஜி.பி.எஸ். கருவியையும் வரைபட மென்பொருளையும் கற்றுக்கொண்டு, வலை காய வைக்கும் இடம், படகு நிறுத்தும் இடம், மீன் பிடிக்கும் துறை என்று மீனவர்களின் பொது இடங்களைக் கடலோரக் கிராமங்களில் வரைபடமாக்கினார். அரசின் கடலோர மேலாண்மை வரைபடத்தில் அந்த இடங்கள் விடுபட்டபோது, இதோ இருக்கிறது என்று எடுத்து வைக்கக்கூடிய ஆவணம் அது.

சரவணன் செய்தது கணினி ஆய்வுதான். செயற்கைக்கோள் படத்திலிருந்து நிலப் பயன்பாட்டைக் கணினியே அடையாளம் காணும் முறைகளில் இன்று உலகெங்கும் ஆய்வு நடக்கிறது. ஒரு வெற்று மணற்பரப்பு உண்மையில் வெற்றிடமா, ஆடிக் காற்றில் படகு ஏற்றி வைக்கும் இடமா என்று கணினிக்குச் சொல்லித் தருவது யார்? அதற்குச் சரியான விடை எழுதத் தெரிந்த பிள்ளை நொச்சிக்குப்பத்திலிருந்து ராணி மேரி கல்லூரிக்கு நடந்து போகிறாள். தரமணிக்கோ கிண்டிக்கோ அவளை யாரும் கூப்பிடவில்லை.

பேச்சுக்கும் இதே கதைதான். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஏ.ஐ.4பாரத் மையம் 2024இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பில் 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேரின் குரல், 7,348 மணி நேரம். இவ்வளவு பரந்த மக்களின் குரலைத் தொகுத்தது பெரிய சாதனை. குரல் கொடுத்த பதினாறாயிரம் பேரில் சிலருடைய பிள்ளைகளாவது அந்த மையத்தின் ஆய்வு மேசைக்கு வர வேண்டும்.

திறந்த கதவுகளும் திறக்காத ஒன்றும்

தமிழ்நாடு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விக்குப் போகும் இளைஞர் விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021இல் சட்டமானது. 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஐ.ஐ.டி.களில் பெண்களுக்கென்று 2018இல் கூடுதல் இடங்கள் ஏற்பட்டு, 2020க்குள் 20 விழுக்காட்டை எட்டும் இலக்கு வைத்தார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. ஏழை மாணவர்களுக்கு 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளிகளை நோக்கி ‘அனைவருக்கும் ஐ.ஐ.டி.எம்.’ என்ற திட்டமும் வந்திருக்கிறது.

இவை எல்லாம் படிப்புக்கும் வேலைக்குமான கதவுகள். அவசியமானவை. ஆனால் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவிக்கு, ஆய்வு என்றால் எப்படி இருக்கும் என்று எட்டு வாரம் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு வகை. இதை அமெரிக்கா புரிந்துகொண்டது. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் இளநிலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 1988இல் மேரிலாந்தில் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டம் கறுப்பின மாணவர்களைக் கல்லூரியின் தொடக்கத்திலிருந்தே ஆய்வகத்தில் உட்கார வைத்தது. கணினித் துறையில் பெண் ஆய்வாளர்கள் 1991இல் ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தார்கள். 1994இல் அவர்கள் தொடங்கிய திட்டத்தில், ஒரு மாணவி கோடை விடுமுறை முழுவதும் வேறு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரோடு வேலை செய்வாள். உதவித்தொகையும் உண்டு. ஒரு மாணவிக்கு ஒரு பேராசிரியர் என்ற அந்த நெருக்கம்தான் அதன் உயிர்.

இந்தியாவில் இதற்கு நிகரான ஒன்று பல ஆண்டுகளாகவே நடக்கிறது. நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் மாணவர்கள் மட்டுமல்ல, கல்லூரி ஆசிரியர்களும் சேரலாம். இந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் அடிக்கோடிட விரும்புகிறேன். அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஒரு கோடையில் தரமணியில் இருந்துவிட்டு வந்தால், அடுத்த இருபது ஆண்டு அவர் வகுப்பில் உட்காரும் அத்தனை பேருக்கும் ஆய்வு என்றால் என்னவென்று தெரியும். ஐ.ஐ.டி. மெட்ராஸும் தனியாகக் கோடைக்கால மாணவர்களை எடுக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் மதிப்பெண், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரை என்று கேட்கின்றன. மூன்றுமே, ஏற்கெனவே அந்த உலகத்துக்குள் யாரையாவது தெரிந்தவர்களுக்குச் சுலபம்.

கதவு திறந்தால் மட்டும் போதாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிரை விட்டபோது, அவருக்குப் பல மாத உதவித்தொகை வந்து சேரவில்லை. அறிவியலைப் பற்றி எழுதக் கனவு கண்ட இளைஞர் அவர். ஆய்வுலகுக்குள் வந்த முதல் தலைமுறைப் பிள்ளையைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் வேண்டாம். உதவித்தொகை மாதம் பிறந்தவுடன் கைக்கு வருவது, சாதி பற்றிய கேலிக்கு இடமில்லாத ஆய்வகம், பிரச்சினை என்றால் போய்ச் சொல்ல ஒரு ஆசிரியர், இவை இல்லாமல் யாரையும் ஆய்வுக்கு அழைக்கக் கூடாது.

என்ன செய்யலாம்

சென்னைக்கு இது எட்டாத காரியமே இல்லை. ஐ.ஐ.டி., கணித அறிவியல் நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகம், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கோடைக்கால இடங்களை அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் காது கேளாத, பார்வையற்ற மாணவர்களுக்கும் என்று ஒதுக்கலாம். பரிந்துரைக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு புதிரைக் கொடுத்து, தமிழில் விடை எழுதச் சொல்லலாம். சைகை மொழிபெயர்ப்பாளரை முதல் நாளிலிருந்தே அமர்த்தலாம். வீட்டிலிருந்து வந்துபோகிற மாணவி என்பதால் விடுதிச் செலவு இல்லை. பயணச் செலவும் மதிய உணவும் உதவித்தொகையும் போதும்.

எல்லாவற்றையும்விட, கேள்வியை மாணவரிடமிருந்து எடுக்க வேண்டும். நொச்சிக்குப்பம் மீன் அங்காடியில் அன்றைய விலை எப்படி ஏறி இறங்குகிறது, சைகையில் அவசர உதவிக்கு அழைக்க ஒரு செயலி எப்படி இருக்க வேண்டும், மீனவர் பேசும் தமிழைக் குரல் உணரும் மென்பொருள் ஏன் தப்பாக எழுதுகிறது? கடைசிக் கேள்வி ஒன்றே நல்லதொரு முதுநிலை ஆய்வேடாகும். எட்டு வாரத்தில் முழு விடை வராது. கேள்வியைக் கூர்மையாக்கி, கொஞ்சம் தரவு சேர்த்து, முதல் தவறான விடையைக் கண்டுபிடித்து, அதைப் பத்துப் பேர் முன்னால் நின்று சொல்ல முடிந்தால் அந்தப் பிள்ளை ஆய்வாளர்தான்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று. கோடைக்கால ஆய்வு இடங்களுக்கான அறிவிப்புகள் வெயில் காலத்தில் வருவதில்லை. மழைக்காலத்திலேயே தொடங்கிவிடும். அகாதமிகளின் திட்டம், ஐ.ஐ.டி. மெட்ராஸ், கணித அறிவியல் நிறுவனம் ஆகிய மூன்றின் இணையதளங்களையும் அக்டோபரிலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள். உங்கள் துறையில் எந்த ஆசிரியர் உங்களுக்குப் பரிந்துரை எழுதுவார் என்று இப்போதே யோசித்து, அவரிடம் ஒரு கேள்வியோடு போங்கள். எந்தப் பேராசிரியரின் கீழ் வேலை செய்ய விருப்பமோ, அவருடைய ஒரு கட்டுரையின் முதல் இரண்டு பக்கத்தையாவது அகராதியை வைத்துக்கொண்டு படியுங்கள். புரியாத இடத்தைக் குறித்து வைத்து, அதைப் பற்றியே அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள்.